இரண்டாவது டம்ளர்

பாளையம்பட்டி
28.1.1988

தம்பி மாதவனுக்கு அக்கா தங்கச்செல்வியின் ஆசீர்வாதம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சுகமா? இங்கே உன் அத்தானுக்கு முட்டிவலி. கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை. எனக்கு ஒரு கேடும் இல்லை, நான் ஆட்டுரல் மாதிரி இருக்கிறேன்.

உன் மருமகள் சண்முகவடிவைப் பெண் பார்க்க மல்லாங்கிணற்றிலிருந்து போன வாரம் வேன் வைத்து வந்தார்கள். மாப்பிள்ளை முனீஸ்வரன். மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம், நல்ல கை. அவன் அம்மா சந்தனம்மாள், சின்னம்மா, இன்னும் பத்துப் பேர். நான் வடையைப் பார்ப்பேனா, பாலைப் பார்ப்பேனா? வடிவைப் பால் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவளும் நின்றாள். பால் அடிப்பிடித்துக் காந்தியது கூடத் தெரியாமல் நின்றாள்! அதிலேயே காப்பி போட்டுச் சிரித்துக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். உன் அத்தான் ஒரு வாய் வைத்ததும் முழித்த முழியைப் பார்க்கணுமே.

மாப்பிள்ளையும் சந்தனம்மாளும் முகம் சுளிக்கவில்லை. நல்லாருக்கு என்று இரண்டாவது டம்ளர் வேறு வாங்கிக் குடித்தார்கள், நான்தான் ஊற்றினேன். அந்தச் சின்னம்மாக்காரிதான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, பாலு இப்படிக் காந்திப் போயிருக்கே, ஒனக்கு வாடை தெரியலையா?" என்று கேட்டாள். நம் பிள்ளைக்குத்தான் எதையும் மறைக்கத் தெரியாதே. "எனக்கு வாசனையே தெரியாது சின்னம்மா, மூக்குல சதை வளந்திருக்கு" என்றாள்.

மூன்றாம் நாள் தரகர் இருளப்பசாமி வந்து கையைப் பிசைந்தார். "மூக்குல சதை வளந்தா நாளைக்குப் புத்துநோயில கொண்டுபோய் விட்ரும், பெறக்கப்போற புள்ளைகளுக்கும் வரும்னு சந்தனம்மா சொல்றாக" என்றார். அவள் அவரிடம் மட்டும் சொல்லியிருந்தால் போகட்டும். பஸ்ஸில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். காரியாபட்டியில் பேசி வைத்திருந்த இன்னொரு இடமும் இப்போது பின்வாங்கிவிட்டது. இந்தப் பேச்சு இப்படியே நின்றுவிட்டால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் என் பிள்ளைக்கு ஒரு வீடும் திறக்காது. வடிவு சாப்பிடுகிறாள், கடைக்கு வருகிறாள், ஆனால் பாட்டை விட்டுவிட்டாள். உனக்குத் தெரியும், அவள் சும்மா இருக்கிற ஆள் இல்லை.

நீ மூக்கு டாக்டருக்குப் படிக்கிறவன். அந்தச் சதை அப்படித்தானா? உள்ளதைச் சொல். நான் தாங்குவேன்.

அக்கா.

மதுரை
9.2.1988

அன்புள்ள அக்காவுக்கு மாதவன். நாங்கள் மூவரும் நலம். அத்தானை முட்டிக்குக் கண்ட தைலத்தையும் பூசாமல் ஒருமுறை இங்கே வரச் சொல்.

முதலில் உன்னைத் திட்ட வேண்டும். "சளிதான், சளிதான்" என்று சொல்லி இவ்வளவு வருஷமாக அவளைக் கொண்டுவராமல் இருந்திருக்கிறாய். பொங்கலுக்கு வந்தபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு மூக்கிலும் இருக்கிறது. உரித்த நுங்கு மாதிரி வழவழப்பான, வலிக்காத சதை. காற்றுப் போகிற வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, அதனால் வாசனை தெரியவில்லை. அது புற்றுநோய் இல்லை. தொட்டால் ஒட்டுவதும் இல்லை. எடுத்துவிடலாம். சிலருக்குத் திரும்ப வளரும், அப்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம். எடுத்ததைச் சோதனைக்கு அனுப்பி நிச்சயம் செய்துகொள்வோம்.

இன்னொன்று. இது ஏதோ உன் மகளுக்கு மட்டும் வந்தது என்று நினைக்காதே. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் காது, மூக்கு, தொண்டையில் இந்த மாதிரிச் சாதுவான கட்டிகள் எத்தனை பேருக்கு இருக்கின்றன என்று பார்க்கிற வேலையை இப்போது என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது. வராமல் வீட்டில் இருக்கிறவர்கள்தான் அதிகம். அதனால் ஊருக்குள் போய்ப் பார்க்க வேண்டும், நாலைந்து ஊரில் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சின்னச் சந்தேகம் அக்கா. அந்தக் காப்பியை இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தது யார் யார்? மறுபடி எழுது.

மாதவன்.

பாளையம்பட்டி
24.2.1988

மாதவனுக்கு அக்கா. எல்லாரும் சுகம். முட்டிவலிக்காரர் மதுரைக்கு வர மாட்டாராம், ஊசிக்குப் பயம்.

உன் கடிதத்தை வடிவே படித்தாள். "சாதுவான கட்டியாம்மா" என்று சொல்லி அப்படிச் சிரித்தாள். ஒரு மாதத்துக்கு அப்புறம் அந்தச் சிரிப்பைக் கேட்டேன், உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

ஆனால் உன் கேள்வியைப் பார்த்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளை வாழ்க்கை அந்தரத்தில் தொங்குகிறது, இவன் காப்பி யார் குடித்தார்கள் என்று விசாரிக்கிறான்! மாப்பிள்ளையும் அவன் அம்மாவும்தான். சந்தனம்மாள் "பாலு நல்ல கெட்டிப் பாலு" என்று பாராட்டு வேறு சொன்னாள். போதுமா?

இப்போது நான் சொல்வதைக் கேள். உனக்கு ஊர் வேண்டும், இல்லையா? மல்லாங்கிணற்றுக்கு வா. அங்கே நம் சங்கத்து உறவின்முறை மண்டபம் சும்மாதான் கிடக்கிறது. உறவின்முறைப் பொருளாளர் உன் அத்தானுக்குப் பெரியப்பா மகன். சாவி வாங்குவது என் பொறுப்பு. மதுரை டாக்டர் காசில்லாமல் காது மூக்கு பார்க்கிறார் என்று சொன்னால் ஊரே வந்து வரிசையில் நிற்கும். எத்தனை மூக்கில் சதை இருக்கிறது என்று அந்த ஊருக்கே தெரியட்டும். அப்புறம் யார் என் மகளைப் பேசுகிறார்கள் என்று பார்க்கிறேன்.

தங்கச்செல்வி.

மதுரை
10.3.1988

அக்காவுக்கு, இங்கே நலம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி எல்லாம் அழுகை.

மண்டபத்துக்கு எங்கள் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். சித்திரையில் வருகிறோம், மூன்று நாள் தங்குவோம். ஆனால் ஒரு கண்டிப்பு. எத்தனை பேருக்கு என்பதைச் சொல்வேன். யாருக்கு என்பதைச் சொல்ல மாட்டேன். உன்னிடமும் சொல்ல மாட்டேன். நீ அழுதாலும், தாய்மாமன் சீர் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்ல மாட்டேன். இதற்குச் சரி என்றால் சாவி வாங்கு.

மாதவன்.

பாளையம்பட்டி
26.4.1988

தம்பிக்கு அக்கா. ஊர் போய்ச் சேர்ந்தாயா? வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போனாய். மோர் நிறையக் குடி.

மூன்று நாளும் என்ன கூட்டம்! கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நீ ஒவ்வொரு மூக்காக எட்டிப் பார்த்ததை மண்டபத்து ஓரத்தில் பானக அண்டா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெருமையாக இருந்தது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் சந்தனம்மாள் வந்தாள். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரித் திரைக்குள் போனாள். ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அடுத்து அந்த முனீஸ்வரன் போனான். அவனும் சீக்கிரம் வரவில்லை. மற்றவர்களை எல்லாம் வாயைத் திற, மூக்கைத் தூக்கு, போ என்று அனுப்பினாய். இவர்களுக்கு மட்டும் அவ்வளவு நேரம் என்ன சோதனை?

நான் கண்டிப்பை மறக்கவில்லை. ஆனாலும் நீ வடிவை மடியில் உட்காரவைத்துக் காது குத்தின தாய்மாமன். அன்றைக்கு அவள் அழுததற்கு நீயும் சேர்ந்து அழுதாய். ஒரே ஒரு வார்த்தை எழுது. இருக்கு என்றோ இல்லை என்றோ. கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுகிறேன்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழியில் மறித்துக்கொண்டிருக்கும் அக்கா.

மதுரை
8.5.1988

அக்காவுக்கு மாதவன். எல்லாரும் சௌக்கியம். நீ கொடுத்துவிட்ட காராச்சேவை இரண்டே நாளில் காலி செய்துவிட்டோம்.

மல்லாங்கிணற்றில் அறுநூறு பேருக்குக் குறையாமல் பார்த்தோம். மூக்கில் சதை இருபது பேருக்கு மேல். காது குத்தின இடத்தில் தடித்து உருண்ட கட்டி அதைவிட அதிகம். தொண்டையில் முடிச்சு விழுந்தவர்களும் இருக்கிறார்கள், பெரும்பாலும் பள்ளிக்கூட வாத்தியார்கள், பஸ் ஜன்னலில் கூவி விற்கிறவர்கள், ஏலம் கூறுகிறவர்கள். எல்லாம் சேர்த்தால் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் யாருக்காவது ஏதாவது ஒன்று இருக்கிறது. கெட்டதோ என்று சந்தேகப்பட்டது ஒரே ஒருவருக்கு. அவரை அன்றைக்கே மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

இதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்த இருபது பேரில் முக்கால்வாசிப் பேர் தங்களுக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் இருப்பது இவர்களுக்குத் தெரியாது, இவர்கள் வீட்டில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. சிலர் அது புற்று என்றே நம்பி, யாரிடமும் சொல்லாமல் வருஷக்கணக்காகப் பயந்து செத்துக்கொண்டிருந்தார்கள்.

நீ கேட்ட ஒரு வார்த்தையை எழுத மாட்டேன். வடிவை ஆனி மாதம் அனுப்பி வை. ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன்.

மாதவன்.

மதுரை
2.7.1988

அன்புள்ள அம்மாவுக்கு உங்கள் மகள் சண்முகவடிவு. நான் நன்றாக இருக்கிறேன். அப்பா என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தது தெரிந்தது. அப்பாவின் முட்டியை மாமா பார்த்துவிட்டார், ஊசி போடவில்லை, அதனால் அப்பா இப்போது மாமாவைப் புகழ்ந்துகொண்டிருப்பார்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரமாகிறது. சோதனைக்கு அனுப்பியதில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டது. இனி எழுதப்போவதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. எனக்கு வாசனை வந்துவிட்டதும்மா! முதலில் வந்தது பினாயில். அடுத்து மாமாவின் காலுறை. அது வராமலே இருந்திருக்கலாம். நேற்று அத்தை தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை தாளித்தார்கள், எனக்கு அழுகை வந்துவிட்டது. பாப்பாவின் தலையை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் கடையில் பெருங்காய டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கணும், வந்து செய்து காட்டுகிறேன்.

அம்மா, நீங்கள் மாமாவுக்கு இரண்டு மாதமாகக் கடிதம் எழுதவில்லையாமே. மாமா தினமும் தபாலைப் புரட்டிப் பார்க்கிறார். அவர் மேல் கோபப்பட வேண்டாம். முந்தாநாள் கட்டுப் பார்க்கப் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தேன். மூக்கில் பஞ்சு வைத்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா கண்ணாலேயே அதட்டிவிட்டார். அதனால் அதைப் பற்றி எழுதவில்லை.

வடிவு.

பாளையம்பட்டி
14.7.1988

மாதவனுக்கு அக்கா. எல்லாரும் சுகம். நான் மட்டும் ஒரு வாரம் ஜலதோஷத்தில் கிடந்தேன். இப்போது தேவலை.

கோபமாகத்தான் இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் கோபத்தை இந்த ஜலதோஷம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எப்படி என்று கேள். செவ்வாய்க்கிழமை பாலை அடுப்பில் வைத்து அங்கேயே நின்றேன். காப்பி போட்டு ஒரு டம்ளர் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் ஊற்றுகிறேன், உன் அத்தான் கடையிலிருந்து ஓடி வருகிறார். "ஏட்டி, வீடே காந்துது, ஒனக்குத் தெரியலையா?" என்று கத்துகிறார்.

டம்ளரும் கையுமாக நின்றேன் தம்பி. நின்றவளுக்குச் சிரிப்பு வந்தது பாரு, உன் அத்தான் பயந்துபோய்விட்டார்.

இரண்டாவது டம்ளர் வாங்கிக் குடித்தது யார் யார் என்று தை மாதத்திலேயே கேட்டாயே, கள்ளப்பயலே! மண்டபத்துக்கு வருவதற்கு முன்னாலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை. அம்மாளுக்கும் மகனுக்கும் மூக்கு இரண்டும் அடைத்துப்போய்க் கிடக்கிறது, இவர்கள் என் மகளைப் பழித்தார்கள்!

ஆடி கடைசி வெள்ளி மல்லாங்கிணற்றில் அம்மனுக்குப் பொங்கல். ஊரே கூடும். அங்கே வைத்துக் கேட்கப்போகிறேன். "ஏ சந்தனம், ஒன் மூக்குல என்ன இருக்குன்னு சொல்லு, ஊரு கேக்கட்டும்" என்று கேட்பேன். என் வாய் உனக்குத் தெரியும். நீ ஒன்றும் சொல்லவில்லை, நானேதான் கண்டுபிடித்தேன், உன் கண்டிப்புக்கு ஒரு பழுதும் வராது.

தங்கச்செல்வி.

மதுரை
18.7.1988

அக்கா, நலம் விசாரிக்க நேரமில்லை, நீ நலம்தான் என்று உன் கடிதமே கத்துகிறது.

நீ கண்டுபிடித்ததற்கு ஆம் என்றும் எழுத மாட்டேன், இல்லை என்றும் எழுத மாட்டேன். ஆனால் அம்மன் கோயிலுக்குப் போகாதே. மூக்கில் சதை இருப்பது கேவலம் இல்லை என்று சொல்லத்தானே நீ மண்டபத்தைத் திறந்துவிட்டாய்? அதையே கேவலமாக்கி நீ ஊர் நடுவில் கூவினால், சந்தனம்மாள் பஸ்ஸில் சொன்னதற்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? உன் பேச்சைக் கேட்டு, சதை இருக்கிற அத்தனை பேரும் இனி எந்த டாக்டரிடமும் வர மாட்டார்கள்.

மாதவன்.

அம்மா, மாமா எழுதியதன் கீழே நானும் எழுதுகிறேன். அவமானப்பட்டது நான். அதனால் என்ன செய்வது என்று நான்தான் சொல்வேன். நான் வருகிற வரைக்கும் நீங்கள் பேசாமல் இருங்கள். வடிவு.

பாளையம்பட்டி
30.8.1988

என் தம்பிக்கு அக்கா எழுதுவது. எங்களுக்கு என்ன, ராஜா வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறோம். உட்கார்ந்து நிதானமாகப் படி, கடிதம் நீளம்.

நான் அம்மன் கோயிலுக்குப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே பொங்கல் வைத்தேன். ஆவணி பிறந்ததும் இருளப்பசாமி வந்தார். "மாப்பிள்ளையே கேக்கச் சொன்னாரு, மறுபடி வரலாமான்னு" என்றார். நான் விளக்குமாற்றைத் தேடினேன். வடிவு உள்ளேயிருந்து வந்து, "வரச் சொல்லுங்க. காப்பி நான்தான் போடுவேன்" என்றாள். அவள் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உன்னோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தவள், பிறகு எப்படிச் சொல்வாள்?

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். இந்தத் தடவை நாலே பேர். நான் அடுப்படிக்குப் போனேன், பால் வாடை மூக்கைத் துளைக்கிறது. "ஏட்டி, பாலு காந்துதுடி!" என்றேன். "தெரியும்மா, நல்லாக் காந்தட்டும்" என்கிறாள்! என் கையைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டு, அந்தப் பாலிலேயே காப்பி கலந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சந்தனம்மாள் வாங்கிக் குடித்தாள். சின்னம்மாக்காரி டம்ளரை மூக்குக்கு நேரே கொண்டுபோய் அப்படியே நிறுத்திக்கொண்டாள். முனீஸ்வரன் ஒரு வாய் குடித்தான். வடிவு தட்டோடு அவன் எதிரிலேயே நின்றாள். தலையைக் குனியவில்லை, நேராக அவன் முகத்தையே பார்த்தாள். அவனும் பார்த்தான்.

டம்ளரைக் கீழே வைத்தான். "பாலு காந்தியிருக்கு" என்றான். சத்தமாகத்தான் சொன்னான், எல்லாருக்கும் கேட்டது. "போன தடவையும் காந்தித்தான் இருந்திருக்கு. அப்ப எனக்குத் தெரியலை. எனக்கும் மூக்குல சதை இருந்துச்சு, ஆனி மாசம் மதுரையில எடுத்தேன். அன்னைக்கு இந்தப் பிள்ளையப் பேசினப்ப வாயப் பொத்திக்கிட்டு இருந்தது என் தப்பு." அவ்வளவுதான் சொன்னான். காது சிவந்துபோயிருந்தது.

சந்தனம்மாளுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை, எனக்குத் தெரியாது. "என்னலே சொல்றே? காப்பி நல்லாத்தான இருக்கு!" என்று சொல்லி டம்ளரை என் பக்கம் நீட்டினாள், இன்னும் கொஞ்சம் ஊற்று என்று.

சின்னம்மாக்காரிதான் முதலில் சிரித்தாள். அப்புறம் உன் அத்தான். நீட்டின கை நீட்டினபடி இருக்க, சந்தனம்மாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். புரிந்ததும் டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கும்தான் இருக்கு. ஆறு வருசமா ரசத்துல பெருங்காயம் போட்டேனா இல்லையான்னு தெரியாது. புத்துத்தான்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லலை. டாக்டரு இல்லைன்னாரு, நான் நம்பலை. அந்தப் பயத்துலதான் ஒன் மகளை அப்படிச் சொல்லிட்டேன் தங்கச்செல்வி" என்றாள்.

நாக்கு நுனியில் எவ்வளவோ வைத்திருந்தேன் மாதவா. ஏழு மாதமாகத் தீட்டித் தீட்டி வைத்த வார்த்தைகள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ராத்திரி வடிவிடம் கேட்டேன், அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று. "இன்னொரு டம்ளர் ஊத்திக் குடுத்து அனுப்பியிருப்பேன். அதோட சரி" என்றாள். மதுரை வராந்தாவில் அவனைப் பார்த்த அன்றே இதை யோசித்துவிட்டாளாம். இப்போது அடுப்படியில் பாடிக்கொண்டிருக்கிறாள், காது வலிக்கிறது.

ஐப்பசியில் முகூர்த்தம். தாய்மாமன் சீரில் ஒரு குறையும் வைக்காமல் வா. நீ சொல்லாமல் வைத்திருந்ததற்கெல்லாம் உன்னை மன்னித்தாயிற்று. நீ சொல்லியிருந்தால் நான் கெடுத்திருப்பேன்.

ஒரே ஒரு வேலை பாக்கி. சந்தனம்மாள் தனியே வரப் பயப்படுகிறாள். கூட நான் வருகிறேன் என்று அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். சம்பந்தியம்மாவை எந்தக் கிழமை கூட்டி வரட்டும்? உடனே எழுது.

அக்கா.